இடது பக்கத்து மூடி

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு பொருள் பழசாக, அசிங்கமாக இருந்தால் கை சும்மா இருக்காது. கல்யாணமான புதிதில் கணவரின் பழைய மூக்குக்கண்ணாடி ஃபிரேமை அவரைக் கேட்காமலே மாற்றிவிட்டேன். இரண்டு நாள் தலைவலியோடு ஷிஃப்டுக்குப் போய் வந்தார் மனிதர். அப்போதே திருந்தியிருக்க வேண்டும். அப்பாவின் ஸ்கூட்டர் வரைக்கும் அது வந்துவிட்டது.

அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் நிலக்கரி மைன்ஸில் வேலை பார்த்தவர். குள்ளஞ்சாவடிப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போன குடும்பத்தில் முதல் பர்மனென்ட் அவர்தான். ரிட்டயர் ஆனதும் கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அம்மாவோடு வடலூரில் வாடகை வீட்டில் இருந்தார். அம்மா இறந்த பிறகு எங்களிடம் வந்துவிட்டார். என் கணவரும் மைன்ஸில்தான் இருக்கிறார், எங்கள் குவார்ட்டர்ஸ் அவர் பேரில். அப்பா இருந்த பிளாக் வேறு, இது வேறு. வரும்போது கொண்டுவந்தது இரண்டு பெட்டி, அம்மா படம், இந்த ஸ்கூட்டர். அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் எல்லா வீடும் ஒரே அச்சு. ஒரே மஞ்சள் சுவர், ஒரே கேட். அடுத்த தெருவும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் யார் வீட்டுக்கோ போய் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, பிறகு போன் செய்வார்கள். எங்களுக்கு அது ஒரு சிரிப்பு.

அந்தக் காலத்தில் வண்டிகளும் அப்படித்தான் இருந்தனவாம். ஒரே சமயத்தில் நிறையப் பேர் ஒரே மாதிரி நீல ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறார்கள். ஷிஃப்ட் முடிந்து ஷெட்டுக்கு வந்தால் எது யாருடையது என்று தெரியாது. அதனால் ஆளுக்கொரு அடையாளம் வைத்துக்கொண்டார்கள். ஒருவர் கைப்பிடியில் ரிப்பன் கட்டினார், ஒருவர் சீட்டில் ஒட்டுப்போட்டார். அப்பா, ஸ்கூட்டரின் இடது பக்கம் வயிறு மாதிரி புடைத்திருக்கும் தகர மூடியில், மைன்ஸில் தனக்குக் கொடுத்த டோக்கன் நம்பரை மஞ்சள் பெயின்டில் கையால் எழுதினார். எழுத்து கோணல். கடைசி எண்ணின் வால் வழிந்து கீழே இறங்கியிருக்கும்.

எங்களிடம் வந்தபோது அப்பா ஓட்டுவதை நிறுத்தியிருந்தார். என் கணவர்தான் வாரம் ஒருமுறை கிளப்பி மார்க்கெட் போய் வருவார். அப்பா தினமும் காலையில் அதைத் துடைப்பார், பிறகு நடக்கப் போவார். நீலம் வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. ஹெட்லைட் கண்ணாடி மஞ்சள் பூத்திருந்தது. பின் லைட்டில் கண்ணாடி உடைந்து, அங்கே சிவப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. முன் மட்கார்டில் துரு ஓட்டை போட்டிருந்தது. இடது மூடியில் ஒரு பெரிய ஒடுக்கு.

வண்டியை கேட்டுக்கு உள்ளே வைக்கவும் விடமாட்டார். "உள்ள ஏத்தாத பாப்பா. வெளியிலயே நிக்கட்டும்" என்பார்.

"மழையில துருப்பிடிக்குதுப்பா. பவர் ஹவுஸ் சாம்பல் வேற பறந்து வந்து படியுது."

"படிஞ்சா துடைச்சிக்கிறேன். நீ வுடு."

பிடிவாதம் என்று நினைத்தேன். ஒருநாள் எரிச்சலில் நானே உள்ளே தள்ளி வைத்துவிட்டேன். அன்றைக்கு நடந்துவிட்டு வர வழக்கத்தைவிட வெகுநேரம் ஆக்கினார். வேர்த்துக் கொட்டியது. வந்ததும் வண்டியை மறுபடி வெளியே தள்ளி நிறுத்தினார். அப்போதாவது எனக்குப் புரிந்திருக்கலாம். புரியவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் என் தம்பி லீவுக்கு வருவதாகச் சொன்னான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அப்பாவைச் சந்தோஷப்படுத்த மட்டும் நான் அந்த வேலையில் இறங்கவில்லை. அக்கா அப்பாவை எப்படி வைத்திருக்கிறாள் பார் என்று அவன் நினைக்க வேண்டும் என்றிருந்தது. வாசலில் அந்தத் தகர டப்பா நின்றால் எனக்குத்தான் அவமானம்.

வண்டியைப் பழுதுபார்க்க என்று சொல்லி மெக்கானிக்கிடம் விட்டோம். வண்டி இல்லாத அந்த நாட்களில், கால் வலி என்று சொல்லி அப்பா நடக்கப் போகவில்லை. பின் லைட்டும் ஹெட்லைட்டும் வடலூரிலேயே கிடைத்தன. மட்கார்டும் மூடியும் கிடைக்கவில்லை. இந்த மாடலை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது என்று கடைக்காரர் கையை விரித்தார். பிறகு அவரே, "மேல்பட்டாம்பாக்கத்துல ஒருத்தர் கடைய மூடிட்டு, பழைய ஸ்டாக்க வூட்லயே வச்சிக்கினு இருக்காரு. போய்ப் பாருங்க" என்றார்.

பஸ் மாறிப் போனேன். மாதா படத்துக்குக் கீழே, ஹாலிலேயே மட்கார்டுகளை அடுக்கி வைத்திருந்தார் அந்தப் பெரியவர். அட்டைப்பெட்டியில் கிரீஸ் காகிதம் சுற்றிய மூடிகள் இருந்தன. எனக்குப் புதையல் எடுத்தது போல் இருந்தது. செல்போனில் இருந்த எங்கள் வண்டியின் படத்தை அவரிடம் காட்டினேன். வாங்கி, பெரிதாக்கி, நிதானமாகப் பார்த்தார்.

"மட்கார்டு மாத்த வேண்டியதுதான். மூடி நல்லாத்தான இருக்குது. ஒடுக்கு எடுத்தா போதும். இந்தக் கனத்துல இப்ப தகரம் வர்றதில்லம்மா."

"இல்லைங்க, எல்லாம் புதுசா போட்டுடலாம்."

"நம்பர் எழுதி வச்சிருக்காரே. பெரியவர ஒரு வார்த்த கேட்டிங்களா?"

"அவருக்குத் தெரியாதுங்க. திடீர்னு கொண்டுபோய் நிறுத்தணும்."

அவர் காகிதத்தைப் பிரித்து மூடியைத் துடைத்துக் கொடுத்தார். வியாபாரம் வேண்டாம் என்று சொல்ல முடியாதே. நான்தான் யோசித்திருக்க வேண்டும்.

நிறமும் என் விருப்பம்தான். பழைய நீலத்தையே அடிக்கலாம் என்றார் மெக்கானிக். நான் மெரூன் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி வந்தது. கேட்டுக்கு வெளியே, அப்பா சொல்லும் அதே இடத்தில் நிறுத்தினோம். புது லைட் பளபளத்தது. அப்பா சுற்றி வந்து பார்த்தார்.

"நல்லா இருக்குது. யாரு வண்டி?"

விளையாடுகிறார் என்று நினைத்தேன். "உங்க வண்டிதாம்பா."

"ஓ" என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இவ்வளவு அலைந்ததற்கு ஒரு வார்த்தை பாராட்டவில்லையே என்று என் கணவரிடம் குறைப்பட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலையில் நடக்கப் போனவர் திரும்பவில்லை. ஒரு மணி நேரம் பார்த்தேன். பிறகு என் கணவர் அந்த மெரூன் வண்டியிலேயே ஒரு பக்கம் தேடிப் போனார், நான் இன்னொரு பக்கம் நடந்தேன். மூன்று தெரு தள்ளி ஒரு குவார்ட்டர்ஸ் வாசலில் வெளுத்த நீல ஸ்கூட்டர் ஒன்று நின்றது. கேட் திறந்திருந்தது. உள்ளே நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். கையில் டீ.

அந்த வீட்டம்மா வெளியே வந்து மெதுவாகச் சொன்னார். "உங்க அப்பாங்களா? நேரா உள்ள வந்து ஃபேன் போடச் சொன்னாருங்க. பாப்பா எங்கன்னு கேட்டாரு. பேர் கேட்டா சொல்லத் தெரியல. யாராச்சும் தேடிக்கினு வருவாங்கன்னுதான் உக்கார வச்சேன்."

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். "எங்க போயிட்ட? வூட்டத் தொறந்து போட்டுட்டுப் போற பழக்கம் எப்ப வந்துச்சி?"

கையைப் பிடித்து அழைத்துவந்தேன். வழியில் ஒன்றும் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். பாதித் தூரத்தில் அவராகவே சொன்னார். "எல்லா வூடும் ஒரே மாதிரி கட்டி வச்சிட்டாங்க. வெளிய வண்டி நிக்கும் இல்ல, நம்பர பாத்துட்டு உள்ள வந்துடுவேன். இன்னிக்கி நம்பரக் காணோம். வண்டியாவது இருக்குதேன்னு போனேன்."

எத்தனை நாளாக என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தைரியம் இல்லை. தன் மறதியை எங்களிடமிருந்து மறைத்து, ஒரு தகர மூடியை நம்பி, தினமும் வீட்டுக்கு வந்துகொண்டிருந்திருக்கிறார். துரு, ஒடுக்கு, சிவப்புக் காகிதம் எல்லாம் பார்த்த எனக்கு, கூடவே இருந்த அப்பாவைப் பார்க்கத் தெரியவில்லை.

அன்றைக்கே மெக்கானிக்கிடம் ஓடினேன். பழைய சாமான்களை வடலூர் காயலாங்கடையில் போட்டுவிட்டதாகச் சொன்னார். அங்கே போனால், லோடு ஏற்றி அனுப்பி நாலு நாள் ஆகிறது என்றார்கள். இருந்த குவியலையும் ஒருமுறை கிளறிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

வரும் வழியில் ஒரு சின்ன டப்பா மஞ்சள் பெயின்ட் வாங்கினேன். செல்போனில் இருந்த படத்தைப் பார்த்துப் பார்த்து, புது மூடியில் அந்த நம்பரை எழுதினேன். அதே கோணல், அதே வழிந்த வால். அப்பா தூங்கி எழுந்து வந்தார். வண்டிக்கு முன் குனிந்து, ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் படித்தார்.

"இது என் நம்பராச்சே" என்றார். "எவனோ அவன் வண்டியில எழுதி வச்சிருக்கான் பாரு."

தலையை மட்டும் ஆட்டினேன். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்த்தவர், நான் அந்த ஆளின் மேல் கோபமாக இருப்பதாக நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. தோளில் தட்டினார்.

"வுடும்மா. திட்டாத. தெரியாம செஞ்சிருப்பான்."