நிறம் போகாமல் ஒரு கிறீம்

என் மேலுதட்டுக்கு மேல் முதல் வெள்ளைப் புள்ளி வந்தபோது எல்லோரும் அதைத் தேமல் என்றார்கள். தேமலுக்கு ஆளுக்கொரு கைவைத்தியம் உண்டு. ஒன்றையும் விடாமல் செய்து பார்த்தேன். புள்ளி புருவத்துக்கும் புறங்கைக்கும் போன பிறகுதான் தோல் மருத்துவரிடம் போனேன். அவர் வெண்புள்ளி என்றார். தோல் தன் நிறத்தை இழக்கிறது, தொற்றாது, உயிருக்கு ஆபத்தில்லை என்றார். முதலாவது மட்டும்தான் என் காதில் ஏறியது.

நான் விவசாயப் போதனாசிரியை. சுன்னாகத்தைச் சுற்றியுள்ள வெங்காயத் தோட்டங்களில் வெயிலில் நிற்பதுதான் என் உத்தியோகம். நிறம் போன தோலுக்கு வெயிலைத் தாங்கும் சக்தி இல்லை. எரிந்தால் புள்ளி பரவலாம். எரியாமல் காத்து மருந்தும் பூசினால் நிறம் திரும்பக்கூடும் என்று மருத்துவர் சொன்னார். முடியாவிட்டால் தோட்டத்தை விட்டு அலுவலக மேசைக்குப் போய்விடுங்கள் என்றார். மேசையை நினைக்க எரிச்சல் வந்தது. முகம் முழுவதும் வெளுத்துவிடும் என்று நினைக்கப் பயமாக இருந்தது.

வெயில் தடுப்புக் கிறீம் வாங்குங்கள், தடுப்பு அளவு ஐம்பது என்று போட்டிருப்பதாகப் பார்த்து எடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். யாழ்ப்பாணம் ரவுணில் அழகுப் பொருட்கள் விற்கும் கடையொன்றுக்குப் போனேன். பின்னால் நான்கைந்து பேர் நிற்க, நோயை விளக்க வெட்கமாக இருந்தது.

"வெயிலுக்கை திரியிறனான். நிறம் போகாமல் இருக்க ஒரு கிறீம் தாங்கோ" என்றேன்.

எங்கள் ஊரில் நிறம் என்றால் வெள்ளை. கல்யாணப் பேச்சில் பொம்பிளை நல்ல நிறம் என்றால், என்ன நிறம் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. கறுப்பை ஒரு நிறமாகவே நாங்கள் கணக்கெடுப்பதில்லை. நான் அகராதித் தமிழில் கேட்டேன், கடைப்பிள்ளை ஊர்த் தமிழில் விளங்கிக்கொண்டாள். அவள் எடுத்துத் தந்த பெட்டியில் ஐம்பது என்று இருந்தது. அதற்கு மேல் பெரிய எழுத்தில் என்ன இருந்தது என்று நான் வாசிக்கவில்லை. லேபலை வாசிக்காமல் மருந்து தெளிக்கக் கூடாது என்று விவசாயிகளுக்கு வகுப்பெடுப்பவள் நான்.

பூசத் தொடங்கியதும் முகம் எரிந்தது. வெயிலோடு மல்லுக்கட்டும் சாமான், கொஞ்சம் எரியத்தான் செய்யும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். புள்ளியைச் சுற்றியிருந்த தோலும் வெளுத்ததால் புள்ளி அவ்வளவாகத் தெரியவில்லை. குணமாகிறது என்று நம்பினேன். பக்கத்து வளவில் இருக்கும் மச்சாள், என் கணவரின் அக்கா, எனக்கு நல்ல நிறம் வந்துவிட்டதாகச் சொன்னார். என் கல்யாணத்தன்றுகூட அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததில்லை. உள்ளூர எனக்கு அது பிடித்திருந்தது.

அடுத்த முறை மருத்துவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பெட்டியைக் காட்டச் சொன்னார். திருப்பித் திருப்பி வாசித்தார்.

"இது உங்கடை நிறத்தைக் காக்கிற கிறீம் இல்லை. மிச்சம் இருக்கிறதையும் வெளுக்கப் பண்ணுற கிறீம்."

புள்ளி சிறுத்திருக்கவில்லை, பெருத்திருந்தது. எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. கடைப்பிள்ளையைத் திட்டவும் நியாயமில்லை, கேட்டதைத்தானே தந்தாள்.

இந்தமுறை அவர் விளக்கமாகச் சொன்னார். வெளுக்கவைக்கும் எதுவும் சேராதது, வாசனை இல்லாதது, வெயிலின் இரண்டு வகைக் கதிர்களையும் தடுப்பது, துத்தநாகம் உள்ளது என்று பார்த்து வாங்க வேண்டும். கொஞ்சமாகத் தொட்டுத் தடவினால் பயனில்லை, முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்கு எடுக்க வேண்டும். வியர்த்தால் திரும்பவும் பூச வேண்டும். தொப்பியும் நீளக்கைச் சட்டையும் அதோடு சேர்த்தி.

பல கடை ஏறி இறங்கி அதை வாங்கினேன். பூசினால் முகத்தில் சாம்பல் படிந்ததுபோல் நிற்கும். மில்லில் மா அரைத்துவிட்டு நேரே வருகிறீர்களோ என்று ஒரு தோட்டக்காரர் கேட்டார். சிரித்துவிட்டு நோய்ப்பட்ட வெங்காயத் தாளைப் பார்த்தேன். மச்சாளுக்கு விளக்கியும் பார்த்தேன். நல்ல கிறீமை விட்டது என் கஞ்சத்தனம் என்பதே அவருடைய முடிவு.

மாதங்கள் போயின. ஒரு நாள் காலை தேங்காய் கேட்டு வந்த மச்சாள் என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"சொண்டுக்கு மேலை கறுப்புப் பொட்டுப் பொட்டாய் வந்திருக்கு. நான் அப்பவே சொன்னனான்."

கண்ணாடியடிக்கு ஓடினேன். உதட்டுக்கு மேலிருந்த வெள்ளைப் புள்ளிக்குள் கடுகைவிடச் சிறிய பொட்டுகள், என் பழைய கறுப்பில். நிறம் திரும்பினால் இப்படித்தான் பொட்டுப் பொட்டாகத் திரும்பும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

மச்சாள் உள்ளே வந்து என் தோளைப் பிடித்தார்.

"அழாதையும். நாளைக்கு நானே ரவுணுக்குப் போய் அந்தக் கிறீமை வாங்கிக்கொண்டு வாறன்."