அப்பாவும் ஓடிய ஓட்டப் பந்தயம்

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு நீயே எழுது என்று அம்மா என்னிடம் பேனாவைக் கொடுத்தார்கள். கண்ணீரோடு எழுத வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். மன்னிக்க வேண்டும், என்னால் முடியவில்லை. அப்பாவை நினைத்தாலே எனக்குப் பரபரப்புத்தான் வருகிறது. எங்கள் அப்பா அப்படி!

சுந்தரபாண்டியத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் அப்பா பிறந்தார்கள். கிணறு வற்றிய வருஷம் படிப்பை விட்டுவிட்டு ராஜபாளையம் வந்து மில்லில் சேர்ந்தார்கள். பஞ்சுப் பேலைப் பிரித்துத் தூசி நீக்கும் ப்ளோ ரூமில் ஹெல்ப்பராக நுழைந்து, மிஷின் பழுது பார்க்கும் பிட்டராக உயர்ந்தார்கள். மிஷினில் காதை வைத்தால் போதும், எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். அதில் அவர்களுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் பிறந்தேன். இரண்டு வயதிலேயே இளைப்பும் வந்துவிட்டது. பனிக்காலம் வந்தால் மூச்சு விசிலடிக்கும், விலாவில் குழி விழும். அப்பா என்னைக் குப்புறப் படுக்க வைத்து முதுகில் காதை வைப்பார்கள்.

“ஏட்டி, நேத்தைக்கு இன்னைக்கு பேரிங் சத்தம் எம்புட்டோ தேவலை!” என்பார்கள். எனக்குச் சிரிப்பு வரும். சிரித்தால் இருமல் வரும். இருமினால் அம்மா அப்பாவைத் திட்டுவார்கள்.

தூதுவளை, ஆடாதோடை, ஊசி, மந்திரித்த கயிறு எல்லாம் பார்த்தாயிற்று. சாய்த்துப் படுக்க வைத்தால் மூச்சு லேசாகிறது என்று அப்பா கண்டுபிடித்தார்கள். உடனே தலையணை தயாரிப்பில் இறங்கிவிட்டார்கள்! மில்லில் மலிவாகக் கிடைக்கும் வேஸ்ட் பஞ்சை வாங்கி வந்து, தாமே உறை தைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு தலையணை. ஞாயிறுதோறும் அவற்றைப் பிரித்து, கட்டிப்போன பஞ்சைக் குச்சியால் அடித்து, மெத்தென்று ஆக்கி மறுபடியும் தைப்பார்கள். எங்களுக்கு இருந்தது ஒரே அறை. வெயிலில் பஞ்சு பறப்பதைப் பார்த்து நான் கைதட்டுவேன். திங்கட்கிழமை எனக்கு இளைப்பு கூடும். அப்பா ஐந்தாவது தலையணை தைப்பார்கள்.

எனக்கு ஒன்பது வயதானபோது, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டர் மூச்சுக்கோளாறு நன்றாகப் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டு அழைத்துப் போனார்கள். எல்லாம் கேட்டுவிட்டு டாக்டர், “பிள்ளைக்கு என்ன தலையணை?” என்றார்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். “நானே தச்சது சார்! மில்லு பஞ்சு. வாராவாரம் பிரிச்சு அடிச்சுப் போடுதேன்.”

“எங்க வச்சு அடிப்பீங்க?”

“பிள்ள படுக்குற எடத்துலதான் சார். வேற எடம் ஏது?”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “இன்னைக்கே அத்தனையையும் வெளிய போடுங்க. அந்தத் தூசிதான் பிள்ளைக்கு ஆகல. நீங்களும் மில்லுல இருந்து வந்ததும் குளிச்சு, துணி மாத்திட்டுப் பிள்ளையத் தூக்குங்க” என்றார். வாயில் வைத்து மருந்தை உறிஞ்சும் சின்னப் பம்பு ஒன்றையும் எழுதிக் கொடுத்தார்.

ராஜபாளையம் வரும்வரை பஸ்ஸில் அப்பா என் முகத்தைப் பார்க்காமல், தம் சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வந்தார்கள். எனக்குப் பயமாகிவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் என்னைத் தூக்கிக்கொண்டு, கண் கலங்க, ஆனால் ஊருக்கே கேட்கும்படி கத்தினார்கள்: “ஏட்டி, பழுது பிடிபட்டுருச்சுட்டி! பிடிபட்டுருச்சு! பழுது எங்கன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி!”

அன்றிலிருந்து மில் வாசல் குழாயிலேயே குளித்து, துண்டில் கட்டிக் கொண்டுபோன வேட்டி சட்டையை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார்கள். “மாப்பிள்ளை கிளம்பிட்டாருடோய்!” என்று கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்தார்களாம். அப்பா அதற்கும் சிரித்தார்கள். ஆறே மாதத்தில் என் விசில் பெரும்பாலும் அடங்கியது.

ஆனால் பம்பை என்ன செய்வது? அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, கண்டிப்பானவர்கள். “தம்பி, பொட்டப்பிள்ளைக்கு இளைப்புன்னு ஊருக்கே தமுக்கடிக்கியா? நாளைக்கு எவன் கட்டுவான்?” என்று கேட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு, விருந்தாள் வந்தால் பம்பு அரிசி டிரம்முக்குள் போய்விடும். எனக்கு அவசரம் என்றால் அம்மா அரிசி அளக்கிற மாதிரி போய் எடுத்து வருவார்கள்.

பத்து வயதில் பள்ளி விளையாட்டு விழா. மைதானத்தை ஒரு சுற்று ஓடும் பந்தயத்துக்கு நானே பெயர் கொடுத்துவிட்டேன்! அதுவரை விளையாட்டுப் பாடவேளையில்கூட நான் மரத்தடியில் உட்கார்ந்திருந்தவள். அம்மா வேண்டாம் என்றார்கள். ஊர் பார்க்க விழுந்து வைத்தால் என்ன ஆவது என்றார்கள் அத்தை. ஓடலாம், ஓடுமுன் பம்பை அடித்துக்கொள்ளட்டும், கைக்கு எட்டுகிற தூரத்தில் அது இருக்கட்டும் என்றார் டாக்டர். அப்பா டாக்டர் கட்சி.

விசில் ஒலித்தது. ஓடினேன். கால் பங்கு தூரத்திலேயே, விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் நெஞ்சு அடைத்தது. அப்போதுதான் பக்கத்தில் ஒரு சத்தம். சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பம்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி அப்பா ஓடி வருகிறார்கள்!

“பம்பு இங்கன இருக்குட்டி! பயப்படாம ஓடு! ஓடுட்டி!”

டிரில் டீச்சர் கத்துகிறார். கூட்டம் எழுந்து நிற்கிறது. அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்த ரகசியத்தை அப்பா மைதானம் முழுக்கச் சுற்றிக் காட்டிக்கொண்டு வருகிறார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பயமோ போன இடம் தெரியவில்லை. எட்டுப் பேரில் ஐந்தாவதாக வந்தேன். திரும்பிப் பார்த்தால், அப்பா முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நிற்கிறார்கள்.

“ஏட்டி... உனக்கு இளைக்கவே இல்ல! எனக்குல்லா இளைக்குது!”

அன்று மைதானத்திலேயே மூன்று தாய்மார்கள் ஒருவர் பின் ஒருவராக அப்பாவிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, “அண்ணே, அது எந்தக் கடையில கெடைக்கும்?” என்று கேட்டார்கள். பந்தயம் பார்க்க வந்திருந்த அத்தை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு தாமே போய் அந்தத் தாய்மார்களுக்குக் கடைக்கு வழி சொன்னார்கள்.

முப்பது வருஷம் பஞ்சுக்கு நடுவில் உழைத்த நெஞ்சு, போன வருஷம் ஓய்ந்தது. அதே டாக்டரிடம்தான் வைத்தியம் பார்த்தோம். கடைசி வாரம் நான் அப்பாவின் முதுகில் காதை வைத்தேன்.

“மிஷினு என்ன சொல்லுது?” என்றார்கள்.

“பேரிங் தேவலைப்பா” என்றேன்.

“பிட்டர்ட்டயே பொய் சொல்லுதியா!” என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் போதும். அதை நினைத்து நான் இன்னும் அழவும் செய்கிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டருக்கும், அப்பாவைக் கேலி செய்துகொண்டே குழாயடியில் முதலில் இடம் விட்ட மில் நண்பர்களுக்கும், கடைசி வாரம் முழுவதும் ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குக் கஞ்சி புகட்டிய அத்தைக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. இந்த மலரை வாங்க வருகிறவர்கள் வீட்டு முன்னறையில் அப்பாவின் படத்தைப் பாருங்கள். படத்துக்குக் கீழே, எல்லார் கண்ணிலும் படும்படி என் பம்பு இருக்கும். அது என்னவென்று கேளுங்கள். நான் சத்தமாகச் சொல்வேன்.