போர்டு காயும் வரை

என் அம்மா சினிமா தியேட்டரில் டிக்கெட் கொடுக்கும் வேலையில் இருந்தாள். ஒரு கை மட்டும் நுழையக்கூடிய ஜன்னல். வெளியே முண்டியடிக்கும் கூட்டத்தைப் பார்த்து, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் "ஹவுஸ்ஃபுல்" என்பாள். மேசை டிராயரில் வேண்டியவர்களுக்காக எடுத்துவைத்த டிக்கெட்டுகள் பத்திரமாக இருக்கும். கெஞ்சினாலும் கத்தினாலும் அந்த முகம் அசையாது. அதே முகத்தை அவள் வீட்டுக்கும் எடுத்து வருவாள் என்று நாங்கள் கனவிலும் நினைக்கவில்லை.

அப்பா பிளம்பர். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, எலக்ட்ரீஷியன். தாய் தகப்பனை இழந்த மாமாவை அம்மாதான் வளர்த்தாள். எனக்கு வாங்கி வரும் பிஸ்கட்டில் பாதி அவருக்குப் போகும். எனக்கு வயிறு எரியும். கேட்டால், "நீ எனக்கு ரெண்டாவது பிள்ளைதான்டி, முதல்ல அவன்" என்பாள். விளையாட்டுக்குச் சொல்வது மாதிரி சொல்வாள், ஆனால் விளையாட்டு இல்லை.

நான் கல்லூரியில் சேர்ந்த சமயம், ஒரு புது வீட்டில் அப்பாவுக்கும் மாமாவுக்கும் சேர்ந்து வேலை வந்தது. வயர் போக மாமா சுவரைக் குடைந்தார். உள்ளே போயிருந்த அப்பாவின் பைப்பில் ஓட்டை விழுந்தது. அப்போதுதான் பூசி முடித்திருந்த அறை குளமாகிவிட்டது. வீட்டின் சொந்தக்காரர் இரண்டு பேரையும் கையோடு அனுப்பிவிட்டார். பைப்பைக் கோணலாகப் போட்டவர் யார், கண்ணை மூடிக்கொண்டு குடைந்தவர் யார் என்று நடுத்தெருவில் நின்று சண்டை. இரண்டு பேருக்கும் கோபம் மூக்குமேல்.

"இனிமே வேலைன்னு கூப்பிட்டாதான் உங்க வாசப்படி மிதிப்பேன்" என்றார் மாமா.

"வேலைக்கு வர்றவனை நான் எதுக்குத் தடுக்கப்போறேன்?" என்றார் அப்பா.

அம்மா இரண்டு பேரிடமும் பேசிப் பார்த்தாள். அழுது பார்த்தாள். சுவரோடு பேசியிருக்கலாம். பழக்கதோஷத்தில் மாமாவுக்கும் சேர்த்துச் சமைப்பாள். மீந்ததை மறுநாள் நான் தின்ன வேண்டும். தம்பி இந்த வீட்டுக்குள் வந்து உட்கார வேண்டும், அப்பாவோடு ஒரு வாய் பேச வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அது கிடைக்கவில்லை.

முதல் ஒழுக்கு நிஜமான ஒழுக்கு. எங்கள் வீட்டு நடையில், ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலே, மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் பைப் திரும்பும். அந்த மூலையில் நட்டு தளர்ந்து, சுவர் வழியாகத் தண்ணீர் இறங்கிப் போர்டுக்குள் போய்விட்டது. ஸ்விட்சைத் தொட்ட அம்மாவுக்குச் சுரீர் என்றது. கையை உதறிக்கொண்டு வாசல் பக்கம் ஓடி மெயினை அணைத்தாள். அப்பா வந்து நட்டை இறுக்கித் தண்ணீரை நிறுத்தினார்.

"போர்டை நான் தொட மாட்டேன். அது என் வேலை இல்ல. யாராவது எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு."

"கூடப்பொறந்தவன் ஒருத்தன் இருக்கும்போது வேற யாரைக் கூப்பிடுவேன்?" என்றாள் அம்மா.

மாமா வந்தார். வேலை என்றுதானே கூப்பிட்டிருக்கிறோம். வந்தவர் அப்பா நின்ற பக்கமே திரும்பவில்லை.

"அக்கா, தண்ணி சுத்தமா நின்னுருச்சான்னு கேளு."

"நின்னுருச்சுன்னு சொல்லு" என்றார், ஒரு கை தூரத்தில் நின்ற அப்பா.

"நல்லா இறுக்கியிருக்கான்னு கேளு."

"அவன் வேலையை மட்டும் பார்க்கச் சொல்லு!"

அம்மா நடுவில் நின்று ஒவ்வொன்றையும் மூச்சுவிடாமல் திருப்பிச் சொன்னாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாமா மூடியைக் கழற்றி உள்ளே துடைத்தார். பிறகு, "காயணும். காயாம கரண்ட் குடுக்க முடியாது. நேரமாகும்" என்றார்.

கரண்ட் இல்லாத வீட்டில் காற்று வருவது ஒரே ஒரு ஜன்னல் பக்கம். வேறு வழியில்லாமல் இரண்டு பேரும் அங்கேதான் உட்கார்ந்தார்கள், ஆளுக்கு ஒரு திசையைப் பார்த்துக்கொண்டு. அம்மா இரண்டு தம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தாள். அன்று அவள் முகம் எப்படி இருந்தது என்று இப்போதும் கண்ணில் நிற்கிறது.

அதற்குப் பிறகு அந்த மூலை அடிக்கடி ஒழுகத் தொடங்கியது. அப்பாவுக்கு மானம் போயிற்று. ஊருக்கெல்லாம் பைப் போடுகிறவர் வீட்டில் பைப் ஒழுகுகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் வாய்விட்டே கேட்டார். அப்பா வாஷரை மாற்றினார், டேப்பை மாற்றினார், நட்டையே மாற்றினார், பைப் விற்ற கடைக்காரரிடம் போய்ச் சண்டையும் போட்டார். இரண்டு மாதம் போனால் மறுபடி ஒழுகும். மறுபடி மாமா வருவார். ஜன்னல், டீ, போர்டு காயும் வரை மௌனம். பிறகு மௌனம் கொஞ்சம் இளகி, "இந்த வெயில்ல போர்டு சீக்கிரம் காயும்னு சொல்லு" என்கிற அளவுக்கு வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வழக்கம்போல மூடியைக் கழற்றினார். கழற்றியவர் அப்படியே நின்றுவிட்டார். நடையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த நானும் எட்டிப் பார்த்தேன்.

"மச்சான், இங்க வந்து பாருங்க."

நடுவில் ஆள் இல்லாமல் அவர் அப்பாவைக் கூப்பிட்டது அத்தனை நாளில் அதுதான் முதல் தடவை. அப்பா அதைக் கவனித்தாரோ என்னவோ, வந்து பார்த்தார்.

மூடிக்குள்ளே பாலிதீன் பை. ஸ்விட்சுகளைச் சுற்றிப் பதமாக மடித்து, ஒரு தடித்த சிவப்பு ரப்பர் பேண்டு போட்டிருந்தது. தியேட்டரில் டிக்கெட் கட்டுக்குப் போடும் ரப்பர் பேண்டு. போர்டு உள்ளே காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. அப்பா ஸ்டூலில் ஏறி மூலையைத் தடவினார். நட்டின் மரையில் நீல நூல் சிக்கியிருந்தது. அம்மா சமையலறையில் கை துடைக்கும் நீலத் துண்டின் நூல், ஸ்பானர் வழுக்காமல் இருக்கச் சுற்றியிருக்கிறாள்.

எல்லாம் புரிந்துவிட்டது. ஃப்யூஸ் போனால் மாமா மட்டும் வந்தால் போதும். குழாய் ஒழுகினால் அப்பா மட்டும் போதும். இரண்டு பேரும் ஒரே இடத்தில் நிற்க வேண்டுமென்றால் கரண்ட் மேல்தான் தண்ணீர் விழ வேண்டும். முதலில் மெயினை அணைத்து, பிறகு பையைக் கட்டி, கடைசியில் நட்டைத் தளர்த்தியிருக்கிறாள். மற்ற தடவைகளில் மாமா வருவதற்குள் பையை எடுத்துவிட்டு, ஈரத்துணியால் உள்ளே ஒரு துடை துடைத்து வைப்பாள் போல, அன்று மறந்துவிட்டாள். எவ்வளவு பார்த்துச் செய்தாலும் பைத்தியக்காரத்தனம்தான். இன்று என் மகள் இப்படிச் செய்தால் முதுகில் இரண்டு வைப்பேன்.

சமையலறையில் அம்மா தேவைக்கு அதிகமாகவே பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். மச்சானும் மாப்பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மாமா மூடியைச் சத்தமில்லாமல் திரும்ப மாட்டினார்.

"அக்கா, ரொம்ப நனைஞ்சிருக்கு. காய நேரமாகும்" என்று குரல் கொடுத்தார்.

"இந்த நட்டு சரிப்படாது. மறுபடியும் ஒழுகும்போல" என்றார் அப்பா.

அம்மா டீயோடு வந்தாள். அதே ஹவுஸ்ஃபுல் முகம்.

அதன் பிறகும் பைப் ஒழுகியது, மாமா வந்தார். அவள் எதிரில் மட்டும் இரண்டு பேரும் "உன் தம்பிகிட்ட சொல்லு", "உன் வீட்டுக்காரர்கிட்ட கேளு" என்பதை விடவில்லை. அவள் அந்தப் பக்கம் போனால் தாராளமாகப் பேசுவார்கள். கடைசிவரை தன் குட்டு உடைந்தது அம்மாவுக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்திருந்தாலும் அந்த முகத்தைப் பார்த்து யார் கண்டுபிடிக்க முடியும்?

போன வருடம் அம்மா போய்விட்டாள். காரியங்கள் முடிந்ததும் மாமா அவர் வீட்டுக்குப் போனார். பிறகு வரவில்லை. கூப்பிட ஆள் இல்லை, பைப்பும் ஒழுகவில்லை. நான் போகும்போதெல்லாம் அப்பா அந்த ஜன்னல் பக்கம் தனியாக உட்கார்ந்திருப்பார். டீ ஆறிப்போய் இருக்கும். அம்மா இல்லாத வீடு எனக்கே தாங்கவில்லை, அவருக்கு எப்படி இருந்திருக்கும்.

ஒரு நாள் மத்தியானம் நான் அங்கிருந்தபோது திடீரென்று ஃபேன் நின்றது. நடையில் ஸ்டூல் இழுபடும் சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால், அப்பா ஸ்டூல்மேல் நிற்கிறார், கையில் ஸ்பானர். மூலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. கீழே போர்டைப் பாலிதீன் பை போட்டுக் கட்டியிருந்தார், சிவப்பு ரப்பர் பேண்டு. எங்கே எடுத்து வைத்திருந்தாரோ.

அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தே சொன்னார்:

"உன் மாமாவுக்கு ஒரு போன் போடு. பைப் ஒழுகி போர்டு நனைஞ்சிருச்சுன்னு சொல்லு."

போட்டேன். சொன்னேன்.

"மெயினை அணைச்சாச்சான்னு கேளும்மா" என்றார் மாமா.

"அணைச்சாச்சுன்னு சொல்லு" என்றார் அப்பா.

நான் போய் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தேன். அது கொதிக்கும்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"வாங்க மாப்ளே" என்றார் அப்பா.

மாமா வெறுங்கையோடு வந்திருந்தார். டூல் பையைக் கொண்டுவரவே இல்லை.