ஏட்டையா கேட்ட ஸ்கேல்

எங்கள் தெருவில் முத்தழகு என்று யாரும் கிடையாது. ஆனாலும் மாதத்துக்கு ஒரு தடவையாவது யாராவது ஒரு பெண் வாசலில் நின்று, "ஏலே முத்தழகு, சோறு ஆறுதுடா!" என்று தொண்டை கிழியக் கூப்பிடுவாள். அந்தக் குரல் கேட்டதும் வேப்பமரத்தடியில் சீட்டாடுகிறவர்கள் சீட்டை மடியில் செருகிக்கொள்வார்கள். ஆண்கள் வாய்க்கால் வழியாகத் தோப்புப் பக்கம் நழுவிவிடுவார்கள். தெருமுனையில் காக்கிச் சட்டை தெரிகிறது என்று அதற்கு அர்த்தம்.

பெரியகுளத்தைத் தாண்டி மாந்தோப்புகள் ஆரம்பிக்கிற இடத்தில் இருக்கிறது எங்கள் தெரு. மேலத்தெருவில் ஆடு காணாமல் போனாலும் தண்ணீர் மோட்டார் காணாமல் போனாலும் ஜீப் முதலில் எங்களிடம்தான் வரும். தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும், சாதி தெரிந்தால் திருடனும் தெரிந்துவிடுவான் என்பது அவர்கள் கண்டுபிடித்த துப்பு. ஆட்டுக்காரர் வீட்டு மாப்பிள்ளையே ஆட்டை விற்றுவிட்டார் என்று பிற்பாடு தெரியவரும். அதைச் சொல்வதற்கு ஜீப் திரும்பி வந்ததில்லை.

ஆகவே எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் பேச்சு வந்த கையோடு ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். "அப்பிடி யாரும் இங்கன இல்லங்கய்யா." காக்கிச் சட்டைக்காரர் யாரைக் கேட்டாலும் இதுதான் பதில். நான் அதை முகம் மாறாமல் சொல்வேன் என்று தெருவில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. அப்போது எனக்குப் பத்து வயது.

அப்படிப்பட்ட தெருவிலிருந்துதான் என் சித்தி போலீஸ் வேலைக்குப் பரீட்சை எழுதினாள். அம்மாவின் தங்கை, இதே தெருவில் பிறந்து வளர்ந்தவள், எங்கள் வீட்டிலேயே இருந்தாள். விடிந்ததும் வாய்க்கால் கரையில் ஓடுவாள். நான் அப்பாவின் செல்போனில் நேரம் பார்த்துச் சொல்வேன். பந்து எறிந்து பழக, விழுந்து கிடக்கும் மாங்காய்தான் பந்து. எறிந்ததைப் பொறுக்கி வருவது என் வேலை, தின்பதும் என் வேலை. ஓட்டம், எறிதல், எழுத்து எல்லாவற்றிலும் சித்தி பாஸ். ஆனால் ஆர்டர் கைக்கு வரும்முன் சொன்னால் கண் பட்டுவிடும் என்று வீட்டில் யாரும் வெளியே மூச்சு விடவில்லை. ஏன் ஓடுகிறாள் என்று கேட்டவர்களிடம், சர்க்கரை வியாதி வராமல் இருக்க என்று அம்மா சொல்லிவைத்திருந்தாள். சித்திக்கு வயது இருபத்திரண்டு.

ஒரே ஒரு படிதான் பாக்கி. ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வந்து விசாரிப்பார். இந்தப் பெண் இந்த விலாசத்தில்தான் இருக்கிறாள், நல்லவள் என்று அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் கையெழுத்துப் போடவேண்டும். அது தவறினால் ஓடிய ஓட்டமெல்லாம் வீண். வீட்டில் மாற்றி மாற்றிப் பத்து நாள் காத்துக் கிடந்தார்கள். பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. இன்றைக்கு யார் வரப்போகிறார்கள் என்று அம்மாவும் அப்பாவும் மாங்காய் பறிக்கப் போனார்கள், சித்தி தோழி கல்யாணத்துக்குத் தேனி போனாள்.

அன்றைக்கென்று வந்து சேர்ந்தார் ஏட்டையா. பழைய பைக், கக்கத்தில் பைல், நெற்றியெல்லாம் வியர்வை. குழாயடியில் நின்ற எதிர்வீட்டு அத்தை உடனே முத்தழகைச் சாப்பிடக் கூப்பிட்டாள். ஏட்டையா சித்தி பெயரைச் சொல்லி விசாரித்தார். அத்தை குடத்தை நிமிர்த்தியபடியே அப்படி யாரும் இல்லை என்றாள். அடுத்த வீட்டில், அந்தக் குடும்பமே ஏலத்தோட்டத்து வேலைக்குக் கேரளா போய்விட்டது என்றார்கள். அதற்கடுத்த வீட்டில் அந்தப் பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறார்களாம். அத்தனை பேரும் சித்தியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர்கள். பிள்ளை எதிலோ மாட்டிக்கொண்டது, காப்பாற்றியாக வேண்டும் என்று போட்டி போட்டுக்கொண்டு பொய் சொன்னார்கள். அந்தப் பாசத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது, கூடவே கண்ணும் கலங்குகிறது.

கடைசியில் என்னிடம் கேட்டார். பழக்கதோஷம். "அப்பிடி யாரும் இங்கன இல்லங்கய்யா" என்றேன், முகம் மாறாமல்.

அவர் பெருமூச்சு விட்டுப் பேனா மூடியைத் திறந்தார். அப்போதுதான் தாளில் ஒட்டியிருந்த போட்டோ கண்ணில் பட்டது. சித்தி. தலையில் என்னிடம் இரவல் வாங்கிய சிவப்பு கிளிப். பத்து நாளாக வீடே வழிபார்த்த ஆளைத்தான் நானும் சேர்ந்து விரட்டிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. உண்மையைச் சொன்னால் தெருவையே போலீஸிடம் பொய்யராக்கியது போலாகும். சொல்லாவிட்டால் சித்திக்கு வேலை போய்விடும். நான் விழித்துக்கொண்டு நிற்கையிலேயே அவர் ஏதோ இரண்டு எழுத்து எழுதி, பைலை மூடி, பைக்கை உதைத்துக் கிளப்பிவிட்டார்.

சித்தி சொல்லித்தந்தபடி முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு ஓடினேன். "ஏட்டையா! இருக்காக! எங்க சித்திதான். மாங்கா எறிஞ்சு பாஸாயிட்டாக!"

பைக் நின்றது. தெருவும் நின்றது. எனக்கு அறை நிச்சயம், அது ஏட்டையாவிடமா அத்தையிடமா என்பதுதான் தெரியவில்லை. அவர் நிதானமாக இறங்கி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அத்தையைப் பார்த்தார்.

"அப்ப அந்த முத்தழகு யாரும்மா? நானும் இந்த ஸ்டேஷனுக்கு வந்த நாளா பாக்குறேன், அந்தப் பய ஒரு நாளாவது சூடாச் சாப்பிட்டானா?"

முதலில் சிரித்தது அத்தைதான். குடம் சரிந்து பாதித் தண்ணீர் ஏட்டையாவின் பூட்ஸில் போனது. அதற்கும் சேர்த்துத் தெருவே சிரித்தது. தோப்புக்குப் போனவர்கள் சிரிப்புச் சத்தம் கேட்டுத் திரும்பி வந்தார்கள். நம்ம பிள்ளைக்குப் போலீஸ் வேலையா என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். கேரளாவுக்குப் போன குடும்பம் ஐந்தே நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டது, கேள்விப்படாத பெயர் சொக்கத் தங்கமாகிவிட்டது. வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டார்கள். டீ வந்தது. எங்கள் தெருவில் ஒரு காக்கிச் சட்டை உட்கார்ந்து டீ குடித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

"சரி, ரெண்டு பேரு கையெழுத்துப் போடுங்க" என்று ஏட்டையா தாளை நீட்டினார். அதுவரை முண்டியடித்த பாசமெல்லாம் பேனாவைக் கண்டதும் இரண்டடி பின்வாங்கியது. ஒருவர் கண்ணாடி எடுத்து வரவில்லை என்றார். இன்னொருவருக்கு மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டியிருந்தது.

அப்போது பக்கத்து வீட்டு மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவருக்கு எழுத்தே தெரியாது என்றுதான் நான் நினைத்திருந்தேன், ரேஷன் கடையில்கூடக் கைநாட்டுதான் வைப்பார். அவர் தாளை வாங்கி முதலிலிருந்து கடைசிவரை உதடசைத்துப் படித்தார். மறுபடி படித்தார். மூன்றாவது தடவையும் படித்துவிட்டு, எழுத்து முடிந்த இடத்துக்கும் கையெழுத்துப் போடும் இடத்துக்கும் நடுவில் வெறுமனே கிடந்த வெள்ளையில் விரலை வைத்தார்.

"ஏட்டையா, இங்கன காலியாக் கெடக்கே. ஒரு கோடு போட்டுக்கிறவா?"

ஏட்டையா தன் பைலைத் தாளுக்கு அடியில் அட்டையாக வைத்துக்கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "பாப்பா, ஸ்கேல் இருக்கா?" என்றார்.

பறந்து போய்ப் பள்ளிக்கூடப் பையைக் கவிழ்த்து எடுத்து வந்தேன். மாமா அந்த வெள்ளையில் மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டார். அதற்குக் கீழே முத்து முத்தாகத் தன் பெயரை எழுதினார். அதைப் பார்த்துவிட்டு அத்தையும் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முன்னே வந்தாள்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கிய சித்தியைத் தெருமுனையிலேயே பிடித்துக்கொண்டார்கள். அத்தை தன் தலைப் பூவைப் பிய்த்துச் சித்திக்கு வைத்தாள். நாங்கள் பிள்ளைகள் எல்லாம் வரிசையாக நின்று சல்யூட் அடித்தோம். சித்தியும் அழுதுகொண்டே திருப்பி அடித்தாள். அத்தனை சந்தோஷமான ஒரு நாளை எங்கள் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை.

நான் கல்லூரி முடித்த வருடம், லீவுக்கு வந்த சித்திதான் மாமாவின் கதையைச் சொன்னாள். நான் பிறப்பதற்கு முன்னால் மேலத்தெருவில் ஒரு மோட்டார் காணாமல் போனதாம். சும்மா விசாரணைதான் என்று மாமாவைக் கூட்டிப்போய், இரண்டே வரி எழுதியிருந்த தாளில் கையெழுத்து வாங்கினார்களாம். மீதி வெள்ளையை அப்புறம் நிரப்பிக்கொண்டார்கள். மாமா மூன்று மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அவர் தொட்ட முதல் பேனா ஏட்டையாவுடையது.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? நோட்டில் விடை முடிந்ததும் அழகுக்காக நாங்கள் கோடு போடுவதில்லையா, மாமாவும் அப்படித்தான் போடுகிறார் என்று நினைத்தேன். கை இப்படி நடுங்குகிறதே, கோடு கோணலாகிவிடுமே என்று ஸ்கேலின் மறுமுனையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.