பதினாறு போல்ட்டுக்குச் சந்தனம்

போன ஞாயிற்றுக்கிழமை என் காரைப் பார்த்தவர்கள், ஆசாமி டயர் வியாபாரத்தில் இறங்கிவிட்டான் என்றுதான் நினைத்திருப்பார்கள். டிக்கியில் இரண்டு சக்கரம். கூரை கேரியரில் இரண்டு. கீழே ஓடுகிற நான்கு தனி.

காரணம் வேறொன்றும் இல்லை. சந்தேகம்.

என்னிடம் இருப்பது அறுபத்து மூன்றாம் வருடத்து பியட். வீட்டில் அதற்குக் கிடைக்கும் மரியாதை எனக்குக் கிடைப்பதில்லை என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். அந்தக் கிழத்துக்கு சேலத்தில் ஒரு கடையில் நான்கு அலாய் வீல் வாங்கினேன், புது டயரோடு. 'கண்ணை மூடிட்டு மாட்டுங்க சார், அப்படியே உக்காரும்' என்றார் கடைக்காரர். அவரைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவே இல்லை. காபி வாங்கிக் கொடுப்பவரை யாராவது சந்தேகப்படுவார்களா?

ஞாயிறன்று கொல்லிமலையில், தேவனூர் நாடு என்கிற ஊர்ப்பகுதியில், நண்பர் வீட்டுக் காதுகுத்து. மிளகு போடுகிற மனிதர். 'உங்க வண்டி எழுபது வளைவும் ஏறுமுங்களா?' என்று போனில் சிரித்திருந்தார். விடுவேனா? புது வீலோடுதான் போய் இறங்குவது என்று முடிவு கட்டி, மனைவியையும் ஏழு வயது மகளையும் ஏற்றிக்கொண்டு, காலையிலேயே சேந்தமங்கலத்தில் மெக்கானிக் பெரியசாமியின் பட்டறையில் நிறுத்தினேன்.

பெரியசாமி ஒரு போல்ட்டை முடுக்கினார். கழற்றினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுபடி முடுக்கினார்.

"ஏனுங்க, இந்த வீலு தடிமன் சாஸ்தியா இருக்குதுங்க. பழைய போல்ட்டு எட்டமாட்டேங்குது. நாலு சுத்து மரைதான் புடிக்குது. நீளமான போல்ட்டு சொல்லியுட்டா ரெண்டு நாள்ல வந்துருமுங்க. அதுவரைக்கும் பழைய வீலே ஓடட்டுமுங்க."

நீளமான போல்ட். ரெண்டு நாள். அதுவும் இவர் மூலமாகத்தான் வரவேண்டும்... எனக்குப் புரியாதா?

"இருக்கறதையே நல்லா இறுக்கிக் கொடுங்க. மலைக்குப் போகணும்."

"மலைக்குங்களா?" அவர் பின் சீட்டில் இருந்த மகளைப் பார்த்தார். "வேண்டாமுங்க. நாளைக்கு, நாளானிக்குப் போய்க்கலாம்."

"காதுகுத்து இன்னைக்குங்க."

பெரியசாமி பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார். முடித்துவிட்டு, "பழைய வீல இங்கயே வெச்சிட்டுப் போங்க, வரும்போது எடுத்துக்கலாம்" என்றார்.

அதானே பார்த்தேன்! பழைய பியட் வீலுக்கு எவ்வளவு கிராக்கி என்று எனக்குத் தெரியாதா? நான் திரும்பி வருவதற்குள் நான்கும் எந்த ஊர் போய்ச் சேருமோ... நான்கையும் வண்டியிலேயே ஏற்றச் சொன்னேன். சீர்ப் பையும் பழக்கூடையும் மனைவியின் மடிக்குப் போயின.

கிளம்பும்போது பெரியசாமி ஒரு கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்தார். புது வீலுக்குப் பொட்டு வைப்பது வழக்கம்தான். ஆனால் இவர் பதினாறு போல்ட்டுக்கும் வைத்தார். பொட்டுகூட இல்லை, கீற்று. போல்ட்டின் தலையில் ஆரம்பித்து வீல் வரைக்கும் நேராக ஒரு இழுப்பு. பிறகு என்னிடம் பேசாமல் என் மனைவியிடம் போனார்.

"அக்கா, பத்தாவது வளைவுல எறங்கி இந்தக் கோட்டப் பாருங்க. நேரா இருந்துச்சுன்னா போங்க. ஒடஞ்சிருந்தா சாமிக்கு இஷ்டமில்லைன்னு அர்த்தம். ஒரு அடி மேல போகக்கூடாது."

சகுனம் சொல்லி எங்களைத் திருப்பி அழைக்கப் பார்க்கிறார். எதற்கு? போல்ட் விற்க. கணக்கு எனக்குச் சரியாக வந்தது.

காரவள்ளி தாண்டி மலை ஏறத் தொடங்கினோம். ஏழாவது வளைவில் முன்பக்கம் 'டக் டக்' என்றது. ரோட்டைச் சந்தேகப்பட்டேன். ஒன்பதாவதில் ஸ்டீயரிங் லேசாக உதறியது. புது டயரைச் சந்தேகப்பட்டேன். பத்தாவதில் மனைவி, "நிறுத்துங்க" என்றாள். இறங்கிப் போய் குனிந்தவள் நிமிரவே இல்லை.

"ஏனுங்க... இங்க கொஞ்சம் வாங்க."

மகள் உட்கார்ந்திருந்த பக்கத்து முன் சக்கரம். நான்கு கீற்றும் இரண்டாக உடைந்து, போல்ட்டில் இருந்த பாதி ஒரு பக்கமும் வீலில் இருந்த பாதி வேறு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தன.

சத்தியமாகச் சொல்கிறேன், அப்போதும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான் — 'வேண்டுமென்றே லூசாக விட்டிருக்கிறான்!'

ஒரு போல்ட்டைத் தொட்டேன். விரலுக்கே சுற்றியது. வெளியே எடுத்துப் பார்த்தேன். நுனியில் நான்கே நான்கு மரை தேய்ந்து பளபளத்தது. மீதி முழுக்கப் பழைய அழுக்கு. நாலு மரை என்றுதானே அவரும் சொன்னார்? ரோட்டு விளிம்புக்கு அப்பால் கீழே மரங்களின் தலைதான் தெரிந்தது. மகள் கதவு வழியாக எட்டி, "ஊடு வந்துருச்சாப்பா?" என்றாள். அவளைத் தூக்கி ரோட்டோரக் கல்லில் உட்கார வைத்தேன்.

அலைபேசியில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. ஆனால் பழைய வீல் இருந்ததே! ஜாக்கி போட்டு ஒவ்வொன்றாக மாற்றினேன். மனைவி மற்ற சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்தாள். பழைய வீலுக்குப் பழைய போல்ட் ஆழமாகப் போய் உட்கார்ந்தது. காது குத்தி முடித்த பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். நண்பர் கூரையைப் பார்த்துவிட்டு, "புது வீல தலையில சுமந்துக்கிட்டு வாரீங்க?" என்றார்.

சாயங்காலம் பட்டறையில் நிறுத்தியபோது பெரியசாமி முதலில் மகளைப் பார்த்தார். அப்புறம்தான் வீலைப் பார்த்தார்.

"ஏங்க, சகுனம் அது இதுன்னு சொல்லாம, போல்ட் கழண்டா தெரியறதுக்குத்தான் கோடுன்னு நேரா சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"நேராத்தானுங்க மொதல்ல சொன்னேன். நம்புனீங்களா?" என்றார். "நீங்க நம்ப மாட்டீங்கன்னுதான் சாமி பேரச் சொல்லி அக்காகிட்டச் சொன்னேன்."

நேற்று நீளமான போல்ட் வந்துவிட்டது. அலாய் வீலை மாட்டினார். இந்தத் தடவை நானே கேட்டு, பதினாறுக்கும் கீற்று போடச் சொன்னேன்.

போடும்போது பக்கத்திலேயே நின்று எண்ணினேன். சேச்சே, சந்தேகமெல்லாம் இல்லை... சும்மாதான்.