நாற்பது படம், நாற்பது முதுகு

எங்கள் தபேர்னாஸ் பாலைவனத்துப் பக்கம் மழை பெய்யாது. ஆனால் ஒரு காலத்தில் கௌபாய்கள் பெய்தார்கள். வெளிநாட்டு சினிமாக்காரர்கள் வந்து பொட்டல் மண்ணில் பலகையால் ஓர் ஊரைக் கட்டுவார்கள். எங்கள் ஆட்கள் அதில் சுடப்பட்டுச் சாவார்கள். எல்லோரையும்விட அதிகமாகச் செத்தவன் ஹினேஸ். குதிரையிலிருந்து, கூரையிலிருந்து, ஒருமுறை மணிக்கூண்டிலிருந்து விழுந்து. காலையில் மூன்றுமுறை செத்துவிட்டு மத்தியானம் மத்தி மீனோடு ஒரு சட்டி ரவை மிகாஸ் கிண்டித் தின்பான். அடேயப்பா, என்ன காலம் அது!

நான் பிளாஸ், அவனுக்குப் பெட்டி அடுக்கியவன். உயரத்திலிருந்து விழுகிறவனைத் தாங்குவது காலி அட்டைப்பெட்டிகள்தான். மூடியை ஒட்டாமல், மூலைகளைக் கீறி, மூன்று அடுக்கு. மேலே மெத்தை, பெட்டிகள் நழுவாமல் சுற்றிலும் கயிறு. எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. விழுகிறவன் தன் பெட்டிகளைத் தானே அடுக்கமாட்டான், ஏறும்போது திரும்பிப் பார்க்கவும் மாட்டான். பார்த்தால் அடுக்கினவனை நம்பவில்லை என்று அர்த்தம். விழுந்தபின் குவியலுக்குள்ளிருந்து தொப்பியைத் தூக்கிக் காட்டுவான். அது கேமராவுக்கு இல்லை, எனக்கு. நல்லா அடுக்கினடா என்று பொருள்.

இன்னொரு சட்டமும் உண்டு. டூப் முகம் காட்டக்கூடாது. காட்டினவனை எந்தக் கம்பெனியும் மறுபடி கூப்பிடாது.

இதனால்தான் மனைவி என்கார்னாவிடம் ஹினேஸ் மாட்டிக்கொண்டான். ஒவ்வொரு படத்துக்கும் எங்களையும் சேர்த்துக் கூட்டிப்போய், "அதோ, நான்!" என்பான்.

"எங்க? ஒரு முதுகு விழுது. நாப்பது படம் பாத்தாச்சு, நாப்பது முதுகு. அது பக்கத்து வீட்டுக்காரன் முதுகா இருந்தாக்கூட எனக்கென்னய்யா தெரியும்?" என்பாள்.

நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். ஹினேஸும் சிரிப்பான், கொஞ்சம் தாமதமாக.

எழுபத்திரண்டில் ஒரு படம். மதுக்கடைக் கூரையிலிருந்து அவன் விழவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. நான் அடுக்கினேன், கயிற்றை இரண்டுமுறை இழுத்துப் பார்த்தேன். அவன் திரும்பிப் பார்க்காமல் ஏறினான். துப்பாக்கி வெடித்தது, என் பக்கம் முதுகு தெரிய விழுந்தான், "கட்" என்றார்கள். தொப்பி எழவில்லை. விளையாடுகிறான் என்று நினைத்து, "எந்திரிடா, மிகாஸ் ஆறுது!" என்று நான்தான் கத்தினேன். பிறகுதான் ஓடினோம். பாதி உடம்பு பெட்டிமேல், பாதி மண்ணில். இடுப்பு நொறுங்கியிருந்தது.

"பெட்டிய எவன்டா அடுக்கினது? கயிறு வழுக்கியிருக்கு," என்றான் ஸ்டண்ட் மேஸ்திரி. ஹினேஸ் அதைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

அதோடு எவனும் என்னை அடுக்க விடவில்லை. பிளாஸ்டிக் கூடாரத் தோட்டங்களில் தக்காளி பறிக்கப் போனேன். என் சிநேகிதன் இடுப்பை உடைத்தவன் நான்தான் என்று நாற்பது வருஷம் நம்பினேன். ஞாயிறுதோறும் அவன் வீட்டில் சீட்டாடுவேன், அவனுடைய ஊன்றுகோல் இருக்கும் பக்கம் பார்க்காமல்.

அந்தப் படம் எங்கள் பக்கம் வரவேயில்லை. போன மாதம்தான் நகராட்சி மண்டபத்தில், ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, பகல் மூன்று மணிக்குப் போட்டார்கள். ஹினேஸ் வரமாட்டேன் என்று அடம்பிடித்தான்.

"வாய்யா, அந்தக் கடைசி முதுகையும் பாத்துடறேன்," என்று என்கார்னா அவனை இழுத்துவந்தாள்.

திரையில் அந்தக் கூரை வந்தது. துப்பாக்கி வெடித்தது. அவன் சரியாகத்தான் சாய்ந்தான். நடுவில், பாவி, தலையையும் தோளையும் கேமரா பக்கம் திருப்பினான். ஒரே ஒரு கணம், தெள்ளத் தெளிவாக இருபத்தொன்பது வயது ஹினேஸின் முகம். சிரித்துக்கொண்டிருந்தான். அந்தத் திருப்பலில் உடம்பு விலகிப் போனது. மறுபடி விழ ஆள் இல்லாததால் அதையே படத்தில் வைத்துவிட்டார்கள்.

"ஐயோ, நீதான்! உன் மூஞ்சிய்யா!" என்கார்னா எழுந்து நின்று அழுதாள். மண்டபமே கைதட்டியது.

நான் அவன் காதருகே குனிந்தேன். "அடப்பாவி, நாப்பது வருஷம்டா!"

"அவகிட்ட சொல்லிடாத, பிளாஸ். அவ முதுகு முதுகுன்னு சொன்னதுக்காகத்தான் திரும்பினேன்னு தெரிஞ்சா அவ தாங்கமாட்டா."

அவன் கழுத்தை நெரிக்கலாம்போல் இருந்தது. என் பெட்டிகள் சரியாகத்தான் இருந்திருக்கின்றன என்று அழுகையும் வந்தது. இரண்டையும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

என்கார்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "இவ்வளவு அழகா விழுந்திருக்காரே, அன்னிக்கு என்னதான்யா ஆச்சு, பிளாஸ்?"

ஹினேஸ் என் பக்கம் திரும்பாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தான் கயித்த சரியா கட்டல, என்கார்னா," என்றேன்.

ஹினேஸ் மடியிலிருந்த தொப்பியை எடுத்து, தலைக்குமேல் தூக்கிப் பிடித்தான். கைதட்டலுக்கு நன்றி சொல்கிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.