இதயத்துக்குக் குறித்த தேதிகள்

கரும்பலகையில் இதயத்தை நான்கு வண்ணத்தில் வரைய எனக்கு ஒரு பாடவேளை முழுவதும் ஆகும். அழிக்கப் போனால் பத்தாம் வகுப்பே "ஐயோ, அழிக்காதீங்க டீச்சர்" என்று கத்தும். எனக்குப் பெருமையாக இருக்கும். பத்து நாள் கழித்துக் கேட்டால் வால்வு எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது.

"இத்தன அழகா வரைஞ்சும் மண்டையில ஏறலையா?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன்.

வீட்டில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் மாணவி ஒருத்தி எழுந்தாள். "குஞ்சுக்கு ஒருக்கா சொட்டு மருந்து உட்டா பலன் நிக்காதுங்க டீச்சர். தேதி பாத்து மறுக்கா உடோணும். நீங்க ஒருக்காதான உட்டீங்க?"

கோபம்தான் வந்தது.

மறுநாள் அவளே ஒரு காலண்டர் கொண்டுவந்தாள். அடுத்த நாள், நான்காம் நாள், பத்தாம் நாள், மாதக் கடைசி என்று சிவப்பு வட்டம் போட்டோம். அந்தத் தேதிகளில் நான் வெறும் கோட்டுப்படம் மட்டும் வரைவேன். புத்தகத்தை மூடிவிட்டு மாணவர்கள் வந்து பாகங்களின் பெயர்களை எழுதுவார்கள். முதல் வட்டத்தில் பாதிக்குமேல் தப்பு.

கடைசி வட்டத்தன்று எல்லாப் பெயர்களும் சரியாக இருந்தன. டஸ்டரை எடுத்து, வேண்டுமென்றே மெதுவாக அழித்தேன்.

ஒருவரும் கத்தவில்லை.